வக்கீல் என்னோடு பேசாத நாட்கள்

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று பதினான்கு பேன்ட், மூன்று திரைச்சீலை, ஒரு ஜிப் மாற்றுதல். ஜிப் மாற்றும்போதுதான் தங்கை ஆரம்பித்தாள்.

"தொழிற்சாலைக்குப் போனப்ப ஒரு அர்த்தம் இருந்துச்சு. இப்ப எதுக்குக்கா? அவங்களா உன்னைக் கூப்பிட்டாங்க?"

கூப்பிட்டிருக்கிறார்கள், இல்லத்து வார்டன் அம்மாவின் கடிதம் பையில் இருக்கிறது என்றேன்.

"முதல்ல எழுதுனது யாரு?"

நான்தான். இவளிடம் எதையும் மறைக்க முடியாது. நடுவில் மூன்று வருஷம் தவிர, ஒரே மேஜையில் இருபது வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து தைக்கிறோம்.

வேறு பாஷை பேசுகிற அந்தத் தூரத்து ஊரில், தையல் தொழிற்சாலையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்துத் தெருவில் இருந்த பையன்கள் இல்லத்துக்குப் போய்க் கிழிசல் தைத்துக் கொடுப்பேன். ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது, "ஒரே வருஷம், திரும்பி வந்துடுவேன்" என்று ஒரு பையனிடம் சொன்னேன். ஊருக்கு வந்த நாலாம் மாதம் அப்பா குளியலறையில் விழுந்தார். நாலரை வருஷம் படுக்கை. போன டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்.

அப்போது அவனுக்கு ஏழு வயசு. இப்போது பன்னிரண்டு. என்னை ஞாபகம் இருக்குமா?

மார்ச் 1, ஞாயிறு

வந்துவிட்டேன். மூன்று மாதம் இருப்பேன். கதவுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள், மாடியில் ஒரு அறை கூடியிருக்கிறது. மற்றபடி அதே ஈரத்துணி வாசனை, அதே சத்தம். இருபத்து மூன்று பையன்கள் ஒரே நேரத்தில் படிக்கட்டில் இறங்கினால் வீடே இடிந்து விழுகிற மாதிரிதான் இருக்கும்.

அவர்கள் பாஷை என் நாக்கில் துருப் பிடித்துப் போயிருக்கிறது. டாக்சிக்காரரிடம் "என்னை இறக்கிவிடுங்கள்" என்பதற்குப் பதிலாக "என்னைத் தூக்கி வையுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். மனிதர் பயந்துவிட்டார். இங்கே யார் பேசியதையும் நம் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன். மனசில் எனக்கு அப்படித்தான் விழுகிறது.

பழைய பையன்கள் மூன்றே பேர்தான் மிச்சம். ஆனால் எல்லாரும் "அத்தை, அத்தை" என்று மொய்க்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைத்தான் போன தடவை கற்றுக் கொடுத்தேன். நான் போன பிறகும் அது இங்கேயே குடியிருந்திருக்கிறது. "அப்படின்னா என்னடா அர்த்தம்?" என்று ஒரு புதுப் பொடியனைக் கேட்டேன். "துணி தைக்கிறவங்க" என்றான்.

வக்கீல் படிக்கட்டின் மேல்படியில் நின்றான். எதற்கெடுத்தாலும் வாதாடுவான் என்று சமையல்காரர் வைத்த பெயர். பல் தேய்க்கச் சொன்னால், "நேத்து தேய்ச்சது இன்னும் அழுக்காகலையே" என்பான். ஒரே வருஷம் என்று நான் சொல்லிவிட்டுப் போன பையன், அவனேதான். கழுத்து நீண்டிருக்கிறது, காதுகள் மட்டும் அப்படியே.

என்னைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு மாடிக்குப் போய்விட்டான்.

மார்ச் 2, திங்கள்

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே போனான்.

மார்ச் 5, வியாழன்

சாமான் அறையில் மெஷினைக் கண்டுபிடித்தேன். மேலே எட்டுப் பெட்டி பழைய பாடப்புத்தகம். இறக்கி, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, பாபினில் சிக்கியிருந்த நூலை ஊசியால் நெம்பி எடுத்து... மத்தியானம் ஓடியது. சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னம்மா, ரயில் வந்துருச்சோன்னு பார்த்தேன்."

"கொஞ்சம் சத்தம் போடும், பழகிடும்."

"சத்தம் போடாத ஆளு இந்த வீட்ல யாரும்மா இருக்காங்க? ஒருத்தன் இருக்கான், அவனும் உங்ககிட்ட மட்டும்தான் ஊமை."

அவருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாருக்கும் தெரியும் போலிருக்கிறது.

வேலைக்குப் பஞ்சமில்லை. இந்தப் பையன்களுக்குக் கால் மட்டும் தனியாக வளர்கிறது. ஒன்பது பேன்ட்டுக்கு மடிப்புப் பிரித்து இறக்கிவிட்டேன். பல்லி என்று ஒருத்தன், எட்டு வயசு, எந்தச் சுவரிலும் ஏறுவான். அவனுக்கு இரண்டு முட்டியிலும் ஒட்டு. "ஒட்டுக்கு மேல ஒட்டுப் போடலாமா அத்தை?" என்கிறான். அடுத்த கிழிசலுக்கு முன்பதிவு!

மார்ச் 8, ஞாயிறு

வார்டன் அம்மா அலுவலக அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். முழங்கால் வலியால் நாற்காலியை விட்டு எழ நேரமாகிறது அவருக்கு. சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"நீங்க போயி சரியா ஒரு வருஷம் ஆன அன்னிக்கு, வக்கீல் காலண்டரைத் தூக்கிட்டு வந்து இந்த மேஜையில வச்சான். 'இன்னிக்குத்தான் கெடு'ன்னான். சாயந்திரம் வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவனே எடுத்துட்டுப் போயிட்டான்."

டீ ஆறிப்போனது.

"உங்க அப்பா விஷயம் எனக்குப் புரியுது. திட்டறதுக்குச் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க. தேதி மட்டும் சொல்லுங்க."

ஒரு காலண்டர். எட்டு வயசுப் பையன். சாயந்திரம் வரைக்கும். நான் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தேன்? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே இல்லை. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியிருப்பேன். பேன்ட் தைத்திருப்பேன். அது ஒரு சாதாரண நாளாப் போயிருக்கும் எனக்கு. அய்யோ.

மார்ச் 14, சனி

இன்று ஒரு வேடிக்கை. வக்கீல் மட்டும் இதுவரை ஒரு துணியும் தைக்கக் கொடுக்கவில்லை. கணுக்காலுக்கு மேல் நிற்கிற பேன்ட்டில் ஊக்குக் குத்திக்கொண்டு திரிகிறான். காலையில் பல்லி ஒரு பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"யாருதுடா?"

"என்னுது."

அவன் கழுத்து வரைக்கும் வந்தது அந்தப் பேன்ட்.

"இடுப்பு சரியா இருக்கா உனக்கு?"

"கொஞ்சம் லூசு."

சரி என்று வாங்கிக்கொண்டேன். மடிப்பை முழுக்கப் பிரித்து, உள்ளே வேறு துணியில் பட்டி கொடுத்து, கிழிந்த பாக்கெட்டுக்குப் புதுப் பை வைத்து, இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். ஒரு பேன்ட்டுக்கு ஒன்றே கால் மணி நேரம்! தங்கை பார்த்திருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பாள்.

சாயந்திரம் வக்கீல் "பல்லியோட பேன்ட்"டைப் போட்டுக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டிப் போனான். அளவு கச்சிதம். நான் தலை நிமிரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பேசினான்.

மொட்டை மாடியில் போர்வை காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கொடியின் அந்தப் பக்கம் வந்து நின்றான். போர்வைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள்?"

"முந்நூத்தி அறுபத்தஞ்சு."

"அஞ்சு வருஷத்துக்கு?"

"ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தஞ்சு."

"நடுவுல ஒரு லீப் வருஷம். இருபத்தாறு."

ஒப்புக்கொண்டேன். அப்பா விழுந்ததைச் சொன்னேன். எழுந்து உட்கார முடியாது, புரட்டிப் படுக்க வைக்க இரண்டு ஆள் வேணும், நானும் தங்கையும்தான்.

"கை அடிபட்டுச்சா?"

"யாருக்கு? அப்பாவுக்கா?"

"உங்களுக்கு."

"இல்லையே."

"அப்போ ஒரு லெட்டர் எழுதியிருக்கலாம்ல?"

உண்மை இதுதான். என்னிக்கு வருவேன்னு எனக்கே தெரியாதப்ப என்னத்த எழுதன்னு தள்ளிப் போட்டேன். இந்த மாசம், அடுத்த மாசம்னு. அப்புறம் இவ்வளவு லேட்டா எழுதுனா அசிங்கமா இருக்குமேன்னு எழுதல. அவ்வளவுதான். அப்பா ஒண்ணும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இல்ல.

"எழுதியிருக்கலாம்," என்றேன். "எழுதலை. தப்பு என்னுதுதான்."

அவன் போர்வையின் மறுமுனையை இழுத்துச் சுருக்கம் நீக்கினான். மிச்சம் பதினொரு போர்வையையும் இரண்டு பேரும் சேர்ந்தே காயப் போட்டோம்.

மார்ச் 28, சனி

பக்கத்து இல்லத்தோடு பந்தாட்டம். பனியனுக்கெல்லாம் எண் தைத்துக் கொடுத்தது நான். அவசரத்தில் ஆறைத் தலைகீழாய்த் தைத்துவிட்டேன். மைதானத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் அணியில் இரண்டு ஒன்பது.

நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "ரெண்டு ஒன்பது ஆட முடியாது. ஒருத்தன் வெளிய போகணும்."

எனக்கு மைதானமே இரண்டாகப் பிளந்தால் தேவலை என்றிருந்தது. அப்போதுதான் வக்கீல் வந்தான்.

"சார், இது ஆறு."

"எனக்குக் கண்ணு தெரியும்பா. ஒன்பது."

"அவனைத் தலைகீழா நிக்கச் சொல்லட்டுமா சார்?"

நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆறாம் நம்பர் பல்லிதான். சொல்லி முடிப்பதற்குள் கையை ஊன்றிக் காலை மேலே தூக்கிவிட்டான். முதுகில் பளிச்சென்று ஆறு. நடுவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க அத்தை தைச்சது சரியாத்தான் இருக்கு. பார்க்கறவங்கதான் திரும்பிப் பார்க்கணும்," என்றான் வக்கீல்.

நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். இருந்தாலென்ன, எங்க அத்தை என்றான்!

ஏப்ரல் 1, புதன்

குழந்தைகள் நல அதிகாரி வந்தார். மெலிந்த பெண்மணி, கையில் தடித்த கோப்பு. வக்கீலுடைய அண்ணன் மனுப் போட்டிருக்கிறானாம். தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்ள.

அண்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மா போனபோது அவனுக்குப் பதினேழு வயசு. தம்பியை இங்கே விட்டுவிட்டு மின்வேலை கற்றுக்கொள்ளப் போனான். கடைசி மூன்று வருஷம் தூரத்து அணைக்கட்டில் வேலை, வந்து பார்க்க முடியவில்லை. இப்போது கல்யாணமாகி இரண்டு மணி நேரத் தொலைவில் குடி வந்திருக்கிறான்.

நல்ல செய்தி. எல்லாரும் நல்ல செய்தி என்கிறார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

நல்ல செய்திதான். நான் ஏன் இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை?

எழுதியே விடுகிறேன், இதை வேறு யார் படிக்கப் போகிறார்கள். மனுத் தள்ளுபடி ஆனால் தேவலை என்று நினைத்தேன். இப்பதானே பேசவே ஆரம்பிச்சான். நேற்றுப் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டான், பட்டனுக்கு ஏன் நாலு ஓட்டை, இரண்டு போதாதா என்று அரைமணி நேரம் வாதாடினான். இன்னும் எனக்கு எட்டே வாரம்தான் இருக்கு, அதையும் பிடுங்கணுமா?

என்ன பொம்பளை நான்.

ஏப்ரல் 11, சனி

அண்ணன் வீட்டைப் பார்க்க அதிகாரியோடு நான் போய் வந்தேன். வார்டன் அம்மாவால் முழங்காலோடு பஸ் ஏற முடியாது. "துணி அளக்கற கண்ணு. வீட்டையும் அளந்துட்டு வாங்க," என்று என்னை அனுப்பிவிட்டார்.

மூன்றாம் மாடி. ஒரே அறை, மூலையில் அடுப்பு, தண்ணீர்க் குழாய் வெளியே, நாலு குடும்பத்துக்குப் பொது. உள்ளே நுழையும்போதே குறைகளை எண்ண ஆரம்பித்தேன். அதற்காகத்தான் போனேன் போல.

அண்ணனுக்கு அதே காது. அவன் மனைவி ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள், கலகலப்பான பெண், சிரித்தால் மூன்று மாடிக்கும் கேட்கும். அறையில் பாதியைத் திரை போட்டுப் பிரித்திருந்தார்கள். அவள் கையால் தைத்த திரை. ஓரம் பாம்பு மாதிரி நெளிந்தது. பின்னால் பலகைக் கட்டில், அண்ணனே செய்தது. தலையணை மேல் ஒரு புதுப் பேன்ட்.

எடுத்துப் பார்த்தேன். இடுப்பு இருபத்திரண்டு. ஒன்பது வயசுப் பையனுக்கு ஆகும்.

என் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. "சின்னதா?"

"கொஞ்சம்."

"இப்ப... எவ்வளவு உசரம் இருப்பான்?" கேட்கும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. சொந்தத் தம்பியின் உயரத்தை அடுத்த ஆளிடம் கேட்கிற வெட்கம்.

என் மூக்குக்கு நேரே கை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கட்டிலைப் பார்த்தான். பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினேன். கட்டில் நாலடி எட்டங்குலம். பையன் நாலடி பத்து.

"நாளைக்கே நீட்டிடறேன்," என்றான். "மாசா மாசம் போன்ல பேசறேன்க்கா. குரல் மட்டும்தான் கேட்குது. குரல்ல உசரம் தெரியலை."

திரும்பும் பஸ்ஸில் அதிகாரி கண்ணை மூடித் தூங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

படிவத்தில் என் கருத்தையும் கேட்டிருந்தார்கள். "இடம் சிறியது. மனிதர்கள் நல்லவர்கள். அனுப்பலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் கட்டிலை ஐந்தேகால் அடியாக்கிப் படம் அனுப்பியிருக்கிறான். வளர்வதற்கும் இடம் விட்டிருக்கிறான்.

ஏப்ரல் 16, வியாழன்

வக்கீல் போக மாட்டேன் என்கிறான். இரண்டு நாளாய்ச் சமையல்காரரிடம் கூட வாதாடவில்லை. இன்று மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க பார்த்தீங்கல்ல. சாட்சி சொல்லுங்க."

எல்லாம் சொன்னேன். ஒரே அறை. குழாயில் காலையில் வரிசை. அண்ணி சத்தமாய்ச் சிரிப்பாள். பேன்ட் பத்தாது. கட்டில் முதலில் பத்தவில்லை, இப்போது பத்தும்.

"கூட்டிட்டுப் போறேன்னு அவன் சொல்லி அஞ்சு வருஷம் ஆச்சு. உங்களை மாதிரிதான்."

மெஷினை நிறுத்தினேன்.

"என்னை மாதிரி இல்ல. மாசா மாசம் போன் பண்ணானா?"

"பண்ணான்."

"நான் பண்ணேனா?"

"இல்ல."

"அதான் வித்தியாசம்."

ஒரு நூல்கண்டை உருட்டிக்கொண்டே இருந்தான். "நீங்க என்னைப் போகச் சொல்றீங்களா?"

"போகக்கூடாதுன்னு ஆசைப்பட்டேன். வீட்டைப் பார்க்கற வரைக்கும். அது என்னோட ஆசை. அதைக் கேஸ்ல சேர்க்காத."

நூல்கண்டைப் பெட்டியில் வைத்தான்.

"சேர்க்கலை," என்றான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அண்ணன் வந்தான். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். பிறகு அண்ணன் தம்பியின் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, உச்சந்தலையில் கை வைத்து அளந்தான். "கழுத்து வரைக்கும் வந்துட்டியேடா!"

"காது வரைக்கும். சரியா நில்லு."

வாதாட ஆரம்பித்துவிட்டான். சமையல்காரர் உள்ளேயிருந்து கை தட்டினார்.

மே 9, சனி

போய்விட்டான்.

நாலு பேன்ட், எல்லாவற்றிலும் உள்ளே மூன்றங்குலம் மடிப்பு விட்டுத் தைத்துக் கொடுத்தேன். பிரிப்பது எப்படி என்று அவனுக்கே தெரியும். வார்டன் அம்மாவுக்கு, சமையல்காரருக்கு, ஒவ்வொரு பையனுக்கும் கை கொடுத்தான். பல்லி கதவின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தான், வக்கீல் அவனுக்கும் அங்கேயே எட்டிக் கை கொடுத்தான்.

கடைசியாக என்னிடம் வந்தான்.

"வர்றேன்னு சொல்லாதீங்க."

"சொல்லலை."

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் போன் பண்ணுங்க. முடியலைன்னா, முடியலைன்னு சொல்ல போன் பண்ணுங்க."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகு சட்டென்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இல்லை, இடுப்பு இல்லை, தோள். இப்போதெல்லாம் தோள்.

மே 10, ஞாயிறு

பேசினேன். குழாய் வரிசையில் முறை வேணும் என்று முதல் நாளே தகராறாம். மூன்று குடும்பம் இவன் பக்கமாம்.

மே 29, வெள்ளி

நாளை ஊருக்கு. வார்டன் அம்மா சுவர்ப் பலகையில் அடுத்த வருஷம் பிப்ரவரி, மார்ச் கட்டத்தில் "தையல்" என்று பென்சிலால் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு மாதம் கடையைப் பார்த்துக்கொள்ளத் தங்கை சம்மதித்த பிறகுதான் மையால் எழுதச் சொல்லிக் கடிதம் போடுவேன் என்றேன். "கத்துக்கிட்டீங்க" என்றார்.

ஜூன் 7, ஞாயிறு

ஊர். சாயந்திரம் பேசினேன். வீட்டுக் கதையெல்லாம் சொன்னான், பள்ளிக்கூடத்தில் யாரும் தன்னோடு சேரவில்லை என்பதையும். போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

சரியாக ஐந்தரைக்குக் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தாள்.

"அய்யோ அக்கா, அவன் இல்லையே! தெருப் பசங்களோட பந்து விளையாட ஓடிட்டான். இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்கறதே மறந்துட்டான். ஜன்னல்ல நின்னு கூப்பிடட்டுமா?"

பின்னால் தெருவிலிருந்து பையன்கள் கத்துவது கேட்டது. யாரோ கோல் இல்லை என்கிறான், யாரோ கோல்தான் என்கிறான். ஒரு குரல் மட்டும் விடாமல் காரணம் அடுக்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா, விளையாடட்டும்."

வைத்துவிட்டேன். கொஞ்சம் சுருக்கென்றது, இங்கே பொய் எழுதுவானேன். காலண்டரில் ஒரு நாளையும் தப்பவிடாத பையன்.

எதிரே தங்கை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்னக்கா, பேசவே இல்ல, அதுக்குள்ள சிரிக்கிற?"

"மறந்துட்டானாம்டீ," என்றேன்.